பெம்மா

"ஜன்னல மூடும்மா. புள்ளைக்குக் காதுல காத்து ஏறுது பாரு," என்றாள் எதிர் இருக்கையிலிருந்த மஞ்சள் புடவைக்காரம்மா. வண்டி பொன்மலையைக்கூட இன்னும் தாண்டவில்லை. ஜெசிந்தா ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஷட்டரை இழுத்தாள். அது பாதி இறங்கி நின்றுவிட்டது. "எதுக்கும்மா மூடுறீங்க? சின்னக் குழந்தைக்குத்தான் முதல்ல காத்து வேணும். இந்தக் கூட்டத்துல அடைச்சு வெச்சா என்னத்துக்காகும்?" என்றார் பக்கத்தில் பேப்பரை நாலாக மடித்துப் படித்துக்கொண்டிருந்த பெரியவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. ஜெசிந்தா கையை எடுத்துக்கொண்டாள். ஷட்டர் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பாதியிலேயே நின்றது. அந்தப் பாதி வழியாக வெயிலும் காற்றும் வந்து அல்லியின் முன்மயிரைக் கலைத்தன. அல்லி இரண்டு விரலை வாயில் போட்டுக்கொண்டு மடியில் சாய்ந்து, ஓடுகிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயசுக்கு அவளுக்குக் கனம் குறைவு. இதையும் யாராவது சொல்வார்கள். இன்னும் தஞ்சாவூர் இருக்கிறது, பாபநாசம் இருக்கிறது, கும்பகோணம் வரைக்கும் ஊர்கள் இருக்கின்றன, ஆட்கள் ஏறுவார்கள், சொல்வார்கள். சொல்லட்டும் என்று நினைத்தாள் ஜெசிந்தா. இன்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும். திரும்பி வரும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது, மடி காலியாக இருக்கும். கும்பகோணம் ஸ்டேஷனில் அல்லியின் அப்பா மணிமாறன் நிற்பான், அவனோடு அவன் புதிதாகக் கட்டிக்கொண்ட பெண் நிற்பாள், குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அவள் பாலக்கரை வீட்டுக்குத் தனியாகத் திரும்ப வேண்டும். ஜெசிந்தா அல்லிக்கு அம்மா இல்லை, பெரியம்மா. அம்மா ரோஸ்லின், ஜெசிந்தாவின் ஒரே தங்கை, குழந்தை தவழ ஆரம்பிக்கும் முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து இன்று காலை வரைக்கும் அல்லி வளர்ந்தது ஜெசிந்தாவின் இடுப்பில்.

மணிமாறன் போனில் பேசியதை இந்த வாரம் முழுக்க அவள் மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டாள். கெட்டவன் இல்லை. குரலில் தயக்கம் இருந்தது, மரியாதை இருந்தது. "ஞாயித்துக்கிழமை நீங்களே கூட்டிட்டு வந்துருங்க அண்ணி. நான் வந்து தூக்கிட்டுப் போனா நல்லாருக்காது," என்றான். அதுவரைக்கும் சரி. அப்புறம் சொன்னான், "துணிமணி நிறைய வேண்டாம் அண்ணி, இங்க எல்லாம் வாங்கிட்டோம்." வாங்கிட்டோம். வாங்கிட்டேன் இல்லை, வாங்கிட்டோம். அந்த ஒற்றை 'ஓம்' தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை. அவனும் ரோஸ்லினும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்று "கட்டிக்கிட்டோம்" என்றபோதும் இதே ஓம்தான். அன்றைக்கு அவள் கோபப்பட்டாள், கதவைச் சாத்தினாள், பிறகு திறந்து முட்டைக் குழம்பு வைத்தாள். இப்போது அந்த ஓமிலிருந்து ரோஸ்லின் எழுந்து போய், அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவனை மட்டும் சொல்லி என்ன, ஜெசிந்தாவுக்கும் ஒரு ஓம் இருந்தது. "சாப்பிட்டோம் டீச்சர், தூங்கி எழுந்தோம், மருந்து குடிச்சோம், அழாம குடிச்சோம்" என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் தினமும் சொல்லியிருக்கிறாள். நாளையிலிருந்து சாப்பிட்டேன், தூங்கினேன். மருந்து குடிக்க வேண்டிய வியாதி எதுவும் அவளுக்கு இல்லை.

"என்ன பேரு பாப்பாவுக்கு?" என்றாள் மஞ்சள் புடவைக்காரம்மா. கழுத்தில் மாலை, மடியில் துணிப்பை, சுவாமிமலைக்கு வேண்டுதலுக்குப் போகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. "அல்லி," என்றாள் ஜெசிந்தா. "அல்லியா! யாரு வெச்சா இந்தப் பேர? நல்லாத்தான் இருக்கு. லேட்டாப் பொறந்ததோ?" ஜெசிந்தாவின் நெற்றியோரத்து நரையைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஆமா." "மேல ஏதாச்சும் இருக்கா?" "இல்ல, இவ மட்டுந்தான்." "ஆபரேஷனா?" "ஆபரேஷன்." பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன்தான். மணிமாறன் மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, பச்சைத் துணியில் சுற்றியதை நீட்டி, வாங்கிக்கங்க என்றாள், வாங்க வேறு ஆள் இல்லை, ஜெசிந்தா வாங்கினாள். இந்த உலகத்தில் அல்லியை முதலில் தூக்கிய சொந்தக் கை அவளுடையது. ரோஸ்லின் மயக்கம் தெளிந்து பார்க்கும்போது குழந்தை ஏற்கெனவே ஜெசிந்தாவின் முந்தானையில் ஒரு தரம் மூத்திரம் போய்விட்டிருந்தது. "எனக்கு முன்னாடி உனக்கா?" என்று ரோஸ்லின் வலியோடு சிரித்தாள். சிரிக்காதடி, தையல் விட்டுரும் என்று இவள் அதட்டினாள். தையல் விடவில்லை. தையலெல்லாம் நன்றாகத்தான் ஆறியது. "விரல் சப்புது பாரு," என்றாள் எதிரில் இருந்தவள். "வேப்பெண்ணெய தடவி விடு, நின்னுரும். தாய்ப்பால் சரியாக் கிடைக்காத புள்ளைங்கதான் இப்படிச் சப்பும். எத்தன மாசம் குடுத்தே?"

கொஞ்ச நாள்தான் என்று வாய் சொன்னது, மனசு அந்த மழை மத்தியானத்துக்குப் போய்விட்டது. ரோஸ்லினை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகாத நாள், கரண்ட் இல்லை, பாட்டில் பாலைத் துப்பித் துப்பி அல்லியின் முகம் கருத்து, சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஜெசிந்தா தோளில் போட்டு நடந்தாள். கொடியில் ரோஸ்லினின் நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது, துவைக்காதது, அதை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள், வாசனைக்காவது அடங்குமா என்று. அடங்கவில்லை. குழந்தையின் வாய் துணி மேல் தேடியது, முட்டியது, மறுபடி தேடியது. அவள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து பொத்தானைக் கழற்றினாள். ஒன்றும் இல்லாத மார்பு. நாற்பது வயசு வரைக்கும் ஒருத்தர் கையும் படாதது. குழந்தை கவ்வியது. வலித்தது. கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்தது தெரிந்தும் விடாமல், அப்படியே தூங்கிப்போனது. ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. எதையோ திருடிவிட்டதாகவும் இருந்தது, எதுவோ கிடைத்துவிட்டதாகவும் இருந்தது. சாமியாரிடம் பண்ணுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இதைச் சொன்னதில்லை. எந்தப் பாவத்தின் கீழே இதைச் சொல்வது என்று தெரியவில்லை. "ஏம்மா, கேக்குறேன்ல. பால் வத்திருச்சா?" "ஆமாங்க. வத்திருச்சு." "பூண்டு போட்டுக் கஞ்சி குடிச்சிருக்கணும். உங்கம்மா சொல்லலியா?" "அம்மா இல்ல." "மாமியா?" "அவங்க ஊர்ல." பேப்பர்க்காரப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே சொல்லித் தருவாங்களே, கேட்டுக்கணும்," என்றார். பிறகு அல்லியைப் பார்த்து, "வயசுக்கு எடை பத்தாது போலிருக்கே," என்றார். வந்துவிட்டது. பூதலூர்கூட இன்னும் வரவில்லை.

ஆரம்பத்தில் யார் என்ன சொன்னாலும் அவளுக்கு உடம்பு எரியும். பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருத்தர், "கழுத்தப் புடிங்கம்மா, இப்படியா தூக்குறது" என்று சொன்னதற்கு அவள் பஸ்ஸில் ஏறாமல் திரும்பி வீட்டுக்கு நடந்தே வந்து அழுதிருக்கிறாள். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் எடை போடுகிறவள் நிறுத்திவிட்டு, தொப்பி எங்கே என்பாள். ஒரு பாய் வீட்டம்மா அல்லியின் இருமலைக் கேட்டு, கேட்காமலேயே கிட்டே வந்து, ஏதோ முணுமுணுத்து முகத்தில் மூன்று தரம் ஊதிவிட்டு, "நாகூருக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போ தங்கச்சி" என்று போனாள். இருமல் நின்றது. அதுவாகவே நின்றிருக்கும். ஆனால் ஜெசிந்தா ஒரு நாள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அவள் கிளார்க்காக இருக்கிற பள்ளிக்கூடத்தில் மதர், நீ செய்றது பெரிய தியாகம் ஜெசிந்தா என்பார். மாதா கோயிலில் பங்குச்சாமி, ஆண்டவர் உனக்குப் பலன் தருவார் என்பார். ஸ்டெல்லா டீச்சர், தங்கச்சி புள்ளைய இப்படி யாரு பாப்பா என்பாள். தெரிந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தெரியாதவர்கள்தான் திட்டினார்கள். பாராட்டெல்லாம் பெரியம்மாவுக்குப் போனது, திட்டு மட்டும் அம்மாவுக்கு வந்தது. அது தெரிந்த பிறகு அவளுக்குத் திட்டு இனித்தது. அல்லி 'பெரியம்மா' சொல்ல வராமல் 'பெம்மா' என்று கூப்பிடுவாள், கூட்டத்தில், இரைச்சலில், மற்றவர்கள் காதில் அது 'அம்மா' என்றே விழும், அவளும் திருத்த மாட்டாள். ஒரு மார்கழியில் வேண்டுமென்றே தொப்பி போடாமல் குழந்தையை டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் திட்டு. பெத்தவளா நீ என்றுகூட ஒரு கிழவி கேட்டாள். அந்த வார்த்தையைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் அல்லிக்கு மூக்கு ஒழுகியது, சளி கட்டியது, மூச்சு கர்கர் என்று இழுத்தது, ஜெசிந்தா முழங்காலில் நின்று மாதாவிடம் என்னென்னவோ சொன்னாள். அதற்கப்புறம் அந்த விளையாட்டை விட்டுவிட்டாள். ஆனால் யாராவது தானாக வந்து சொன்னால், இப்போது இந்த மஞ்சள் புடவைக்காரம்மா சொல்வதுபோலச் சொன்னால், அவள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வாள்.

தஞ்சாவூரில் கூட்டம் இறங்கிக் கூட்டம் ஏறியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் துண்டுப் பிரசுரங்களோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, அல்லியின் நெற்றியையும் ஜெசிந்தாவின் நெற்றியையும் பார்த்துவிட்டு நின்றார். "ஸ்தோத்திரம் சகோதரி. ஆண்டவருடைய பிள்ளைங்களா?" "நாங்க ஆர்.சி.," என்றாள் ஜெசிந்தா. அவர் முகத்தில் பாதி வெளிச்சம் போயிற்று. "இன்னைக்கு ஓய்வுநாள். குழந்தைய சபைக்குக் கூட்டிட்டுப் போகாம ரயில்ல கூட்டிட்டுப் போறீங்களே சகோதரி. இந்த வயசுல விதைக்கிறதுதான் நிலைக்கும்." "நீங்களும் ரயில்லதான இருக்கீங்க?" என்றார் பேப்பர்க்காரர். அவர் சிரிக்காமல் சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணை மூடி, அல்லியின் தலைக்கு மேல் காற்றில் கையை வைத்து ஏதோ ஜெபித்தார். அல்லி விரலை வாயிலிருந்து எடுத்து அந்தக் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அவர் போனதும் எதிரில் இருந்தவள், "கிறிஸ்டியனா நீ? அதான் நெத்தி வெறிச்சுனு கெடக்கு," என்றாள், கோபமில்லாமல், ஒரு கணக்கு சரியாக வந்த நிம்மதியில். "இவ அப்பா இந்துதான்," என்று ஜெசிந்தா சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிட்டாள். "அப்ப புள்ள எந்தப் பக்கம்?" எந்தப் பக்கம். இதே கேள்வியைத்தான் மணிமாறனின் அம்மா கேட்டாள், பங்குச்சாமியும் வேறு வார்த்தையில் கேட்டார். ரோஸ்லின் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள், "வளந்து அவளே பாத்துக்குவா." வளர்வதைப் பார்க்க அவள் இல்லை. அவள் போன பிறகு ஜெசிந்தா ஒரு நாள் பூசை முடிந்து எல்லோரும் போனதும் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து அல்லியின் நெற்றியில் வைத்தாள். ரோஸ்லின் எங்கிருந்தோ பார்த்து, 'என்னக்கா இது, பேசி வெச்சதென்ன' என்று கேட்டதுபோல் கூச்சமாக இருந்தது. மணிமாறனின் அம்மாவும் வந்திருந்தபோது குளிப்பாட்டுகிற சாக்கில் திருநீறு பூசியிருக்கிறாள், காதோரம் ஒட்டிக்கொண்டிருந்ததை இவள் துடைத்தாள். இரண்டு பேரும் திருடிகள்தான். "குழந்தைய ஏதாவது ஒண்ணுல பழக்கிரணும்," என்றார் பெரியவர். "இல்லன்னா நாளைக்கு ஸ்கூல் சர்ட்டிபிகேட், கல்யாணம், எல்லாத்துக்கும் இழுபறி." மஞ்சள் புடவைக்காரம்மா அதற்குள் துணிப்பையைத் துழாவி ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து, விரலைத் தொட்டு, அல்லியின் நெற்றியில் வைத்துவிட்டாள். "எந்தச் சாமியா இருந்தா என்ன. நெத்தி வெறுமன இருக்கக் கூடாது, கண்ணுபட்டுரும்." ஜெசிந்தாவின் கை எழுந்து பாதியில் நின்றது. குங்குமம் அல்லிக்கு அழகாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாளைக்கு அந்தப் பெண், பிருந்தா, தினமும் வைத்துவிடுவாள், தலைக்கு எண்ணெய் வைத்து, பொட்டு வைத்து, அல்லி வேறொரு வீட்டுக் குழந்தையாக, அழகாக, இவள் துடைக்க முடியாத தூரத்தில் வளர்வாள். ஞாபகம் என்று ஒன்று இந்த வயசில் நிற்குமா? தனக்கு இரண்டரை வயசில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று ஜெசிந்தா தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு சிவப்பு வாளிகூட இல்லை, ஒரு குரல்கூட இல்லை. சுத்தமாகத் துடைத்த சிலேட்டு.

அவள் பயம் இரண்டு. ஸ்டேஷனில் கையை விட்டு இறக்கும்போது அல்லி கதறுவாளோ என்பது ஒன்று. இதைப் பற்றி அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கதறாவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டி அய்யம்பேட்டையைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போயிற்று, நடவு முடிந்த பச்சை, கொக்குகள், ஒரு டிராக்டர். "தா," என்று அல்லி கொக்கைக் காட்டினாள். ஜெசிந்தா பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். "மைதா. வயித்துல ஒட்டிக்கும்," என்றார் பெரியவர். பாபநாசத்தில் அவர் இறங்கிப் போனார். இறங்கும்போது பேப்பரை இருக்கையிலேயே விட்டுவிட்டு, "குழந்தை கையில குடுத்துராதீங்க, மை வாயில போகும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மஞ்சள் புடவைக்காரம்மா காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், கேட்டுக்க. என்ன கஷ்டம் வந்தாலும் புள்ளைய யாருகிட்டயும் விட்டுறாத." ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "நான் விட்டேன். திருப்பூருக்கு வேலைக்குப் போனோம் நானும் எங்க வீட்டுக்காரரும். பய அப்ப கைப்புள்ள. பனியன் கம்பெனில புள்ளைய வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா? எங்கக்கா வீட்ல விட்டுட்டுப் போனேன். அதுக்குப் புள்ள இல்ல, ஆசையா வெச்சுக்கிச்சு. ஸ்கூல் சேக்குற வயசுல போயிக் கூப்பிட்டா என்னப் பாத்துச் சித்திங்குறான். பெத்தவள. இழுத்துட்டு வந்தேன், அம்மான்னு கூப்பிடப் பழக்குனேன், கூப்பிட்டான், ஆனா அந்தச் சொல்லுல உசுரு இல்லம்மா. இப்பவும் வாங்க போங்கங்குறான். அவனுக்குத்தான் இந்த வேண்டுதல், பொண்ணு அமையணும்னு." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அதெல்லாம் பழகிப்போன முகம். ஜெசிந்தா அல்லியின் சட்டையை இழுத்து விட்டாள். "உங்க அக்கா?" என்று கேட்டாள். "அக்காவா?" அவள் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள், இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலும். "அவளுக்கென்ன. இருக்கா."

அவளுக்கென்ன, இருக்கா. வண்டியின் சத்தம் அதைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கென்ன இருக்கா அவளுக்கென்ன இருக்கா என்று சக்கரம் ஓடியது. எங்கே இருக்கிறாள் அந்த அக்கா, எந்த ஊரில், பையனை இழுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் அவள் என்ன செய்தாள், விளக்கு போட்டாளா, அவனுக்கென்று எடுத்து வைத்த தட்டை எங்கே வைத்தாள், கழுவினாளா, அன்றைக்கு ராத்திரிக்கு எவ்வளவு அரிசி போட்டாள். இந்தக் கதையில் அழுவதற்கு ஒரு பெற்றவள் இருந்தாள், இழுபட ஒரு பையன் இருந்தான், அவள் எங்கேயும் இல்லை, அவளுக்கென்ன. சொல்லிவிடலாமா என்று ஜெசிந்தா நினைத்தாள். நான் உங்க அக்கா என்று. இவளுக்குப் புரியாது. அல்லது புரிந்துவிடும், உடனே முகம் மாறி, அய்யோ பாவம் தங்கச்சி புள்ளையா என்று மெச்ச ஆரம்பித்துவிடுவாள், கிடைத்துக்கொண்டிருக்கிற இந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும். ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டாள். வண்டி வேகம் குறைந்தது. மஞ்சள் புடவைக்காரம்மா எழுந்து மாலையைச் சரிசெய்துகொண்டு, "சாமிமலை. நீயும் இறங்கேன்," என்றாள், தண்ணி குடியேன் என்பதுபோல. "புள்ளைக்கு மொட்ட போட்டதில்லன்னுதான நெனைக்கிறேன்? முடியப் பாத்தாலே தெரியுது. வா, நான் கூட இருக்கேன், முருகன் யாரு என்னன்னு கேக்க மாட்டான். அடுத்த வண்டியில கும்பகோணம் போயிக்கலாம்." ஜெசிந்தா எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தை இடுப்பில், பை தோளில், கால் கதவை நோக்கிப் போயிற்று. மொட்டைக்காக இல்லை, முருகனுக்காக இல்லை. இறங்கினால் கும்பகோணம் இல்லை. இந்த அம்மாவின் பின்னால் போனால் கூட்டத்தோடு கூட்டமாகப் படி ஏறலாம், யார் கேட்டாலும் என் பொண்ணு என்று சொல்லலாம், அங்கிருந்து இன்னொரு பஸ், இன்னொரு ஊர், ஒவ்வொரு ஊரிலும் யாராவது தொப்பி எங்கே என்று கேட்பார்கள். கதவு வரைக்கும் வந்துவிட்டாள். மஞ்சள் புடவை கீழே இறங்கி, திரும்பி, கையை நீட்டியது, "புள்ளைய குடு, பாத்து இறங்கு." பிளாட்பாரம் தாழ்வாக இருந்தது, நடுவில் இருட்டாக ஒரு இடைவெளி. அல்லி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லித் தராமல், அவற்றை நோக்கித் தானாகச் சாய்ந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், சிரித்துக்கொண்டு. ஜெசிந்தா குழந்தையைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இல்லம்மா. இவ அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு." "அப்பச் சரி. வேப்பெண்ணெய மறந்துறாத," என்றாள் அவள். வண்டி நகர்ந்தது. ஜெசிந்தா இருக்கைக்குத் திரும்பாமல் கதவோரமே நின்றாள். அடுத்து தாராசுரம், பாத்திரம் கழுவுகிற சத்தம்போல ஒரு பாலம், அப்புறம் வீடுகள் நெருங்கின.

மணிமாறன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தான். "வாங்க அண்ணி," என்று கையை நீட்டினான். "ப்பா," என்றாள் அல்லி. அவன் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பைக் சாவிக்கொத்தைக் கொடுத்து விளையாட்டு காட்டுகிறவன், அவன் பாக்கெட்டில் அது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தாவிவிட்டாள். கதறவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் குழந்தை இருந்த இடத்து வியர்வையில் காற்று பட்டுச் சில்லிட்டது. "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க அண்ணி, சமைச்சு வெச்சிருக்கோம்," என்றான். "இல்ல, அடுத்த வண்டிக்கே போறேன். நாளைக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன்," என்றாள். இன்ஸ்பெக்ஷன் எதுவும் இல்லை. அவன் சாவியை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனபோதுதான் பிருந்தா கிட்டே வந்தாள். எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பெண், காட்டன் புடவை, பின்குத்தின இடத்தைக் கை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இவளிடம் என்ன பேச வேண்டும் என்று ஜெசிந்தா ராத்திரியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தாள், எல்லாம் வெட்டு வெட்டாக. பிருந்தா குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. எங்க வீட்ல நாந்தான் கடைசி. ஒரு சின்னப் புள்ளையத் தூக்குனதுகூட இல்ல. அவருக்கும் தெரியல, கேட்டா நீ பாத்துக்கங்குறாரு. பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க," என்றாள். இத்தனை நாளில் அல்லியைப் பற்றி அவளிடம் சொன்னவர்கள்தான் உண்டு, கேட்டவர் ஒருத்தர் இல்லை. ஜெசிந்தாவுக்கு மடை திறந்த மாதிரி வந்தது. ரசஞ்சாதம் சாப்பிடுவா, பருப்புத் தண்ணிய தொட மாட்டா, முட்டையில வெள்ளை மட்டும் குடு, மஞ்சக்கருவ கன்னத்துல அடக்கி வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் கழிச்சுத் துப்புவா, தலைக்குத் தண்ணி ஊத்துறப்ப ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணு, எண்ணுனா அழ மாட்டா, மிக்சி சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கிட்டு உன் காலைக் கட்டிக்குவா, அப்பத் திட்டாத, விரல் சப்புறத அதுவா விடட்டும், எந்த எண்ணெயும் தடவாத, யாரு சொன்னாலும் தடவாத. பிருந்தா ஒவ்வொன்றுக்கும் உதட்டை அசைத்து மனசில் எழுதிக்கொண்டாள். "வேற ஏதாவது இருக்காக்கா?"

ஒன்று இருந்தது. அது யாரும் சொல்லித் தராதது, பஸ்ஸில் சொல்லாதது, மார்க்கெட்டில் சொல்லாதது, ஜெசிந்தாவாகக் கண்டுபிடித்தது. அல்லி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து அலறினால் தூக்கக் கூடாது, தூக்கினால் இன்னும் அலறுவாள். தட்டிக் கொடுத்தாலும் அடங்க மாட்டாள். உள்ளங்காலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் போதும், உடம்பு தளர்ந்து தானாகத் தூங்கிவிடுவாள். இதைச் சொல்லாவிட்டால் அலறுவாள். இவள் தூக்குவாள், அவன் தூக்குவான், தெருவே எழுந்து வந்து ஆளுக்கொன்று சொல்லும். ஒரு நாள் பார்ப்பார்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள், அப்புறம் போன் வரும். அண்ணி, கொஞ்சம் வாங்க என்று. "அவ்வளவுதான்," என்றாள் ஜெசிந்தா. சொன்னதும் காது இரண்டும் சூடாயின. மணிமாறன் துணிப்பையை வாங்கிக்கொண்டான், போயிட்டு வரோம் அண்ணி என்றான், அல்லியின் கையைப் பிடித்து டாட்டா காட்ட வைத்தான். நடந்தார்கள். குழந்தை அவன் தோளில் முகம் வைத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போயிற்று, முதல் தடவையாக இடம் மாறியது புரிந்து, உதடு பிதுங்கத் தொடங்கியது, கால் உதைத்தது, ஒரு செருப்பு கழன்று விழுந்தது. பின்னால் வந்த பிருந்தா அதை எடுத்தாள். மாட்டிவிடப் பார்த்தாள், கால் துள்ளியது, மாட்டத் தெரியவில்லை. செருப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அந்த வெறுங்காலை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அல்லியின் உதடு சரியாயிற்று. கண் செருகியது. தலை தோளில் சாய்ந்தது.

ஜெசிந்தா பார்த்தாள். அவளிடம் மிச்சமிருந்த ஒன்றும் போயிற்று. "பிருந்தா!" என்று கத்தினாள், கத்தியபோது என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாது. "அப்படியே புடிச்சுக்க! அழுதா தூக்காத, அந்தக் காலை அப்படியே பொத்திப் புடிச்சுக்க, தூங்கிருவா!" மேலே ஸ்பீக்கரில் ஏதோ வண்டியின் பேர் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறி ஓடியது, நடுவில் பெட்டி தூக்குகிறவர்கள், கூட்டம். பிருந்தா திரும்பினாள். காதில் விழவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வழியில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னால் சிரித்துத் தலையாட்டுவார்களே, அப்படிச் சிரித்து, தலையாட்டிவிட்டு, மறுபடி நடந்தாள். காலை மட்டும் விடவில்லை.